நின்ற தண்ணீர்

மத்திகிரியில் ஆறு வாசல் வைத்த ஒரு லைன் வீடு. அதன் கோடியில் மெத்தை, அதாவது கான்கிரீட் கூரை, போட்ட என் சொந்த வீடு. தெரு முனையில் சாக்கடையைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். அம்மன் கோயில் சுற்றுச்சுவரில் கிழக்குப் பக்கம் முழுவதும். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கழிப்பறைகள், கதவோடு. தொழிற்பேட்டையில் நான் மேஸ்திரியாக நின்று எழுப்பிய பதினோரு கொட்டகைகள். இவ்வளவையும் கட்டியவன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கெலமங்கலத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் கரண்டி பிடித்ததில்லை. நான் சொல்வது கொத்துக் கரண்டி.

பிளான் படிக்க யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இஞ்சினியர் மேசையில் காகிதத்தை விரிப்பார். அவர் பக்கத்தில் நிற்க எனக்கு இடம் கிடையாது, எதிர்ப்பக்கம்தான் நிற்பேன். அங்கே நின்று பார்த்தே பழகியதால் இன்றைக்கும் பிளானைத் தலைகீழாகக் கொடுத்தால்தான் எனக்குச் சட்டென்று விளங்கும். நேராகக் கொடுத்தால் ஒரு சுற்றுச் சுற்றி வைத்துக்கொள்வேன். படித்தவர்கள் சிரிப்பார்கள். நான் போட்ட சுவர் எதுவும் சாய்ந்ததில்லை.

பாஷையும் அப்படித்தான் வந்தது. சிமெண்டு இறக்குகிறவர்களிடம் கன்னடம், மணல் வண்டிக்காரர்களிடம் தெலுங்கு, வீட்டில் தமிழ். மூன்றிலும் சண்டை போடுவேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் சொல்லப் போகிற கதையில் எனக்கு வந்த கெட்ட பெயர் முழுவதும் என் கன்னடத்தால் வந்தது.

எண்பதுகளில் மத்திகிரிக்குத் தொழிற்சாலை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வீடு கிடைக்காமல் மாட்டுக் கொட்டகையைத் தடுத்துக் குடியிருந்தவர்களும் உண்டு. அப்போதுதான் நான் ஓட்டுக் கூரை போட்டு லைன் வீட்டைக் கட்டினேன். ஆறு வாசல், ஆறு குடும்பம், முற்றத்தில் ஒரே குழாய். குழாய் இருந்ததே தவிர, தண்ணீர் அதன் இஷ்டத்துக்கு வந்தது. மூன்று நாளைக்கு ஒரு முறை என்பது பேச்சு. ஐந்து நாளும் ஆகும். சில வாரம் அடுத்தடுத்து இரண்டு நாள் வந்து நிற்கும். அதுவும் தொல்லைதான், பிடித்து வைக்கப் பாத்திரம் காலியாக இருக்காதே.

அந்தப் பெண்கள் தண்ணீரைப் புழங்கிய விதத்தை நான் நின்று பார்த்திருக்கிறேன். அண்டா, தவலை, குடம், டிரம் எல்லாம் நிரம்பிய பிறகு சோற்றுப் பானையில் பிடிப்பார்கள். அடுத்து பால் குண்டானில். கடைசியில் ஆட்டுக்கல் குழியில்கூட ஊற்றி வைப்பார்கள். அதனால் தண்ணீர் தீர்கிற வரைக்கும் மாவாட்ட முடியாது. எங்கள் லைனில் இட்லி அவிந்தால் யார் வீட்டிலோ தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் விளக்குவார்கள். அந்தத் தண்ணீர் பின்பக்க அவரைப் பந்தலுக்குப் போகும். குளிக்கிற பிள்ளையைப் பலகைமேல் நிறுத்தி, வழிகிற தண்ணீரைத் தாம்பாளத்தில் பிடித்து அதில் சாக்கை நனைத்து வாசலில் போடுவார்கள். ஒரு சொம்பு வீணாகாது.

இவ்வளவு கணக்காக இருந்தவர்கள் குழாய் வருகிற நாளன்று மட்டும் வேறு ஆட்களாகிவிடுவார்கள். "புதுத் தண்ணி வருது" என்று யாராவது ஒரு குரல் கொடுத்தால் போதும், மிச்சம் இருந்த தண்ணீர் முழுவதும் முற்றத்தில் ஓடும். அதற்குப் பழைய தண்ணீர் என்று பெயர். மூன்று நாள் அசையாமல் இருந்து கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர் அது. அதைக் கவிழ்த்துவிட்டு, செம்மண் நிறத்தில் மருந்து வாசத்தோடு வருகிறதை அதே பாத்திரத்தில் பிடிப்பார்கள். கேட்டால், "அது நேத்து தண்ணிங்க, அத போயி குடிக்கிறதா?" என்பார்கள். என் வீட்டுக்காரியும் இதற்கு விலக்கில்லை. சாமல்பட்டியில் கிணற்றடியில் வளர்ந்தவள். தினமும் புதிதாக இறைத்துக் குடித்த பழக்கம்.

லைன் வீடு முடிந்து இரண்டு வருடம் கழித்து, அதன் கோடியில் எனக்கென்று ஒரு வீடு எழுப்பினேன். ஓடு இல்லை, மெத்தை. அந்தத் தெருவில் முதல் கான்கிரீட் கூரை என்னுடையது. ஊரெல்லாம் அடுத்தவனுக்குப் போட்ட கூரையை அப்போதுதான் எனக்குப் போட்டுக்கொண்டேன். வேலை முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே ஒரு கீற்றுக் கொட்டகையில் குடியிருந்தோம்.

கான்கிரீட் என்பது காய வைக்கிற சாமான் இல்லை. காயக் காய அது கெட்டுப்போகும். போட்ட மறுநாளிலிருந்து மேலே சின்னச் சின்னப் பாத்தியாக வரப்பு கட்டி மூன்று வாரம் தண்ணீர் நிறுத்த வேண்டும். அதிலும் முதல் வாரம் விட்டுப்போனால் வெடிப்பு விழும், மழைக்கு ஒழுகும். மேஸ்திரி வீட்டு மெத்தை ஒழுகுகிறது என்று ஓசூர்ச் சந்தையில் ஒருவன் சொன்னால் போதும், அதற்குப் பிறகு என்னை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? ஆகவே அந்த நாட்களில் என் நினைப்பு முழுவதும் ஒன்றுதான். தண்ணீர் நிற்க வேண்டும். காலையில் எழுந்ததும் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பேன், பாத்தியில் நிற்கிறதா என்று. பங்குனி மாதத்துக் காற்று, நிற்க விடவில்லை.

கூரை போட்ட மறுநாள் குழாய் வந்தது. பாத்தி நிரம்பியது. நான்காம் நாள் பாதிப் பாத்தி வெள்ளை பூத்துவிட்டது. அன்று மாலை மாட்டுப் பண்ணைப் பக்கம் சாலையில் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் சைக்கிளில் எதிரே வந்தார். வால்வு திறக்கிற நீளச் சாவியைச் சைக்கிள் பாரில் கட்டியிருப்பார், தூரத்திலேயே தெரியும். கன்னடக்காரர். நான் கையைக் காட்டினேன்.

"ஏனப்பா, நீரு ஏனாய்த்து?" தண்ணீர் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

அவர் நிறுத்தவில்லை. டேங்கு இருக்கிற திசையில் தலையை ஆட்டி, "நீரு நிந்தைதே, மேஸ்திரி" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

நிந்தைதே. நிற்கிறது. டேங்கில் தண்ணீர் நிற்கிறது என்று என் காதில் விழுந்தது. நான்கு நாளாக நிற்கிற தண்ணீரையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு வேறு எப்படி விழும்?

நேராக லைனுக்கு வந்து முற்றத்தில் நின்று சொன்னேன். "நாளைக்குக் காலையில தண்ணி. டேங்க்கு ரொம்பி நிக்குதாம். பழைய தண்ணி இருந்தா சாக்கடையில கொட்டாதீங்க, என் மெத்தைக்குக் குடுங்க."

முதல் வாசலில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. புருஷன் லேத் ஓட்டுகிறவர். அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம், கையும் சுத்தம். நாங்கள் மெத்தை என்பதை அவர் தட்டட்டி என்பார். "நெசமாத்தான் சொல்லுதியளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"வால்வுக்காரர் வாயால கேட்டுட்டு வரேன். அதுவும் கன்னடத்துல."

அவ்வளவுதான். ஆறு வாசலிலும் அண்டாக்கள் வெளியே வந்தன. இரண்டு வீட்டில் போர்வை துவைத்தார்கள். ஒருவர் வாசலைக் கழுவிக் கோலம் போட்டார். மிச்சமெல்லாம் குடம் குடமாக ஏணி வழியாக மேலே வந்தது, நான் வாங்கி வாங்கிப் பாத்தியில் ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் என் மெத்தை முழுவதும் தண்ணீர் நின்றது, வானம் அதில் தெரிந்தது. பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக் குழாயடியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள்.

காலையில் குழாய் வரவில்லை. பத்து மணிக்கும் இல்லை. முதல் ஷிப்ட் போனவர்கள் குளிக்காமல் போனார்கள். பதினோரு மணிக்கு நான்காம் வாசல் அம்மா, தளிப் பக்கத்துக் கன்னடக்காரர், என்னிடம் வந்து, "மேஸ்திரி, அவரு என்னா சொன்னாரு, அப்டியே சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ, நீரு நிந்தைதேன்னா நின்னு போச்சின்னு! மேல எங்கியோ மோட்டாரு கெட்டிருக்கும். வரதே நின்னு போச்சின்னு சொல்லிட்டு போயிருக்காரு. நீங்க என்னா கேட்டீங்க?"

நான் என்ன கேட்டேன் என்று எல்லோருக்கும் தெரிந்தது. முற்றத்தில் ஆறு பேரும் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முதல் வாசல் அம்மா மட்டும் என் மெத்தையை அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒங்க தட்டட்டிக்குத் தாகம்னா எங்ககிட்ட கேட்ருக்கலாம்லா அண்ணாச்சி. கன்னடம் பேசியா தண்ணியப் புடுங்கணும்?"

"பொய் இல்லம்மா. தப்பாயிப் போச்சி."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் வீட்டுக்காரிதான் உள்ளே இருந்து வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்து எங்கள் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் அண்டாவும் கவிழ்ந்திருந்தது, இரண்டு குடமும் கவிழ்ந்திருந்தன. அடுப்பின் மேல் ஒரு சொம்பில் பாதி. "இவரு பேச்சக் கேட்டு மொதல்ல கவுத்தவ நான்தான். என்னிய என்னா சொல்ற?" என்றாள். அந்த அம்மா வெளியே வந்து, "பொய் இல்லதான். வெறும் கூறு கெட்டதனம்" என்று மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொன்னார். இரண்டில் எது மேல் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

யோசிக்க நேரமும் இல்லை. அவர் இடுப்பில் குடத்தை ஏற்றிக்கொண்டு, "குடிக்கத்தான் ஆகாது, கழுவத் தொடைக்க ஆகும்லா" என்று ஏணியில் காலை வைத்தார்.

என் பாத்தியிலிருந்து அவர்கள் தண்ணீரைத் திருப்பி எடுக்கப் போகிறார்கள். ஐந்து நாள் வயசு மெத்தை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏறியிருக்க மாட்டார்கள், வீட்டுக்காரன் நான். ஆனால் அது அவர்கள் தண்ணீர். நானும் மேலே ஏறினேன். சொம்பால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக் கொடுத்தேன். சிமெண்டுப் பால் கலந்து வெளுத்த தண்ணீர். வரப்பு கரையாமல் மொள்ள வேண்டும், அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு பாத்தியாகத் தரை தெரிந்துகொண்டு வந்தது. மதியத்துக்குள் மெத்தை காய்ந்து, கை வைத்தால் சுட்டது.

குடிக்க வேண்டுமே. நான் தெரிந்தவர் ஒருவரிடம் மாட்டு வண்டி வாங்கி நான்கு டிரம் ஏற்றினேன். கெலமங்கலம் சாலையில் ஒரு தெலுங்குக்காரர் தோட்டத்தில் மோட்டார் வைத்த கிணறு உண்டு. அவரிடம் தண்ணீர் கேட்டேன். "தீஸ்கோ, மேஸ்திரி" என்றார். எடுத்துக்கொள் என்றுதான் அர்த்தம், எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு இரண்டு முறை கேட்டு, கையாலும் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வழியெல்லாம் டிரம் தளும்பி என் முதுகை நனைத்தது. தளும்பாமல் இருக்க மேலே வேப்பந்தழையை ஒடித்துப் போட்டேன். மெத்தையைத் தாண்டித்தான் முற்றத்துக்குள் வண்டி போக வேண்டும். வண்டியில் நான்கு டிரம் தண்ணீர், பக்கத்தில் வெடிக்கக் காத்திருக்கும் கூரை. நான் நிறுத்தவில்லை. முதல் வாசலிலிருந்து ஆரம்பித்து ஆறு வாசலுக்கும் குடம் கணக்காக ஊற்றினேன், கடைசியாக எங்கள் வீட்டுக்கு. டிரம்மின் அடியில் தங்கியது அரைக் குடம். அதை மேலே கொண்டு போனேன். ஒரு பாத்திகூட நனையவில்லை.

என் வீட்டுக்காரி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சிமெண்டு சாக்கு அல்லாம் பின்னால கெடக்குதே, அத நனைச்சிப் போட்டா என்னாங்க?" என்றாள்.

சாக்கு போடுகிற வேலை எனக்குத் தெரியாதது இல்லை. தூணுக்குச் சாக்குச் சுற்றி நனைப்பவன்தான் நான். மெத்தை என்றால் பாத்திதான் என்று மனது அதிலேயே கிடந்தது. அப்போதெல்லாம் சிமெண்டு சணல் சாக்கில் வரும். கூரைக்குப் போட்ட சிமெண்டின் சாக்குகள் பின்பக்கம் குவிந்து கிடந்தன. உதறி, மெத்தை முழுக்க விரித்தோம். பாத்திக்கு நூறு குடம் என்றால் சாக்குக்குப் பத்துக் குடம் போதும். ஆனால் அந்தப் பத்துக்கு எங்கே போவது?

முதலில் ஏணியில் ஏறியவர் முதல் வாசல் அம்மாதான். கையில் அரிசி கழுவிய தண்ணீர், ஒரு குண்டான்.

"ஊத்தலாமா அண்ணாச்சி? ஒங்க தட்டட்டி சோறு கீறு கேக்காதே?"

"சோப்புத் தண்ணி மட்டும் வேணாம்மா. வேற எதுன்னாலும் ஊத்துங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலிலிருந்தும் வந்தது. காய் கழுவியது, கை கழுவியது, பருப்புக் களைந்தது. அவரைப் பந்தல் அந்த வாரம் பட்டினி கிடந்தது. நான் நாளைக்கு இரண்டு நடை வண்டி ஓட்டினேன், வேலைக்குப் போகவில்லை. கிணற்றுத் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் போய், ஒரு வேலை செய்து முடித்து, என் மெத்தைக்கு ஏறியது. கதவு இடுக்கில் நின்று பார்த்தால் மத்தியான வெயிலில் ஒவ்வொருவராக ஏணி ஏறி இறங்குவது தெரியும்.

நான்கு நாள் அப்படிப் போனது. ஐந்தாம் நாள் காலை குழாய் புஸ்ஸென்று காற்று விட்டது. "புதுத் தண்ணி!" என்று யாரோ கத்தினார்கள். நான் மெத்தைமேல் இருந்தேன். கீழே பார்த்தால், ஐந்து நாள் நாக்கு வறண்டு கிடந்த அதே பெண்கள் மிச்சம் இருந்த கிணற்றுத் தண்ணீரைக் கவிழ்க்கக் குடத்தைச் சாய்க்கிறார்கள்.

"கவுக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தம் பண்ணை வரைக்கும் கேட்டிருக்கும். "புதுத் தண்ணி குடத்துல விழட்டும். விழற சத்தம் கேட்டுட்டு அப்புறம் பழசக் கவுங்க. குழாய்ல வரது காத்து!"

குழாய் காற்று விட்டு, இருமி, ஒரு முழங்கை நீளத்துக்குச் சிவப்பாகத் துப்பிவிட்டு நின்றுபோனது. மறுபடி வந்தது மாலையில்தான். அன்று பகல் முழுவதும் அவர்கள் குடித்தது கவிழ்க்காமல் வைத்த அந்தத் தண்ணீர்.

அன்று முதல் எங்கள் லைனில் அது சட்டம். சத்தம் கேட்காமல் குடத்தைச் சாய்க்கக் கூடாது. புதிதாகக் குடி வருகிறவர்களுக்குக் கதவுச் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவோம். பழையதையும் கொட்டுவதில்லை. தேய்க்க, துவைக்க என்று தனியாக ஒரு டிரம் வைத்து அதில் ஊற்றப் பழகினார்கள். முதலில் பக்கத்து லைன், பிறகு எதிர்த் தெரு என்று அது பரவியது. மூன்று வாரம் முடிந்து செண்ட்ரிங் பலகையைப் பிரித்தபோது மெத்தை மணி மாதிரி இருந்தது. வடக்கு மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு உண்டு. ஒழுகியதில்லை.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன மாதம் நடந்த ஒரு காதுகுத்து. அந்த முதல் வாசல் அம்மாவின் பேத்திக்கு. ஓசூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். பந்தியில் அந்த அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி கதை சொன்னார். "அண்ணாச்சி ஒரே ஒரு கன்னட வார்த்தையில ஆறு வீட்டு அண்டாவையும் கவுத்துப்புட்டாவ. பொறவு நாங்க பொம்பளையெல்லாம் கழனித் தண்ணி ஊத்தி அவுக வீட்டக் காப்பாத்துனோம்." பந்தியே சிரித்தது. "சாக்கு போடச் சொன்னது நான்" என்று என் வீட்டுக்காரி இலையிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னாள். அதையும் சேர்த்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன், பாயசம் வாங்கினேன்.

கதையில் பொய் இல்லை. ஆனால் அதில் வண்டி இல்லை. கெலமங்கலம் சாலை இல்லை, நான்கு டிரம் இல்லை, என் மெத்தையைத் தாண்டிப் போய் அவர்கள் வாசலில் முதலில் ஊற்றியது இல்லை. அவர்கள் கழுவி ஊற்றிய அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பந்தியில் ஒருவரும் கேட்கவில்லை. கவிழ்க்காதே என்று கத்தியவன் யார் என்றும் கேட்கவில்லை. தெருவே பின்பற்றுகிற அந்தச் சட்டத்தை இப்போது பிள்ளைகள் "அந்தக் காலத்துப் பழக்கம்" என்கிறார்கள். பழக்கம் தானாக வராது, ஒருவன் மெத்தைமேல் நின்று கத்தியதால் வந்தது.

கன்னடத்தைத் தப்பாகக் கேட்டது நான். அதை யாரும் மறக்கவில்லை, மறக்க வேண்டாம். ஆனால் அடுத்த விசேஷத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது, அண்டா கவிழ்ந்ததைச் சொன்ன உடனே நான் வண்டி பூட்டியதையும் சொல்ல வேண்டும். இது என் பேச்சாகப் போய்விடக் கூடாது, அந்த அம்மா வாயாலேயே வர வேண்டும். நான் பந்தியில்தான் இருப்பேன், கேட்டுக்கொண்டிருப்பேன்.